விரல்நுனிக் கருவி எல்லாருக்கும் சரியாகக் காட்டுகிறதா?

மாணவர்களே, 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்றாக இலவச ஆக்சிமீட்டர் வழங்கப்பட்டது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் அது இன்னும் எங்காவது கிடக்கலாம். தேடி எடுங்கள். சுகாதாரத்தில் சமத்துவம் என்றால் என்ன என்பதை அந்தச் சிறு கருவியைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

விரலை உள்ளே வைத்ததும், அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்துகிறது. உயிர்வாயு குறைந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். உயிர்வாயு நிறைந்தது அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். இந்த விகிதத்திலிருந்து ரத்தத்தின் உயிர்வாயு அளவு கணக்கிடப்படுகிறது.

ஆனால், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். விகிதத்தை எண்ணாக மாற்றும் அட்டவணையோ, தொண்டூழியர்களைச் சோதித்து உருவாக்கப்படுவது. அவர்களில் கருந்தோல் உடையவர்கள் குறைவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, 10 பேரைச் சோதித்தால் அவர்களில் 2 பேர் கருந்தோலினராக இருந்தாலே போதும்!

விளைவு என்ன? கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டிய அளவீடுகளை, மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனையுடன் ஒப்பிட்டு 2020இல் ஆய்வு வெளியிட்டனர். கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் ஏறத்தாழ 12 விழுக்காட்டில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் அது ஏறத்தாழ 4 விழுக்காடுதான். இத்தகைய பிழையை 1990லேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியிருந்தது. 30 ஆண்டுகள் வீணாகிவிட்டன.

எல்லாருக்கும் ஒரே கருவியைக் கொடுப்பது சமமான பங்கீடு. அது எல்லார் விரலிலும் சரியாக வேலை செய்தால்தான் நியாயம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எத்தனையோ நிறத்தவர் ஒரே வகுப்பறையில் அமரும் ஊர் இது. இங்கு வாங்கப்படும் கருவிகள் அத்தனை நிறத்தவரிடமும் சோதிக்கப்பட்டனவா என்று மருத்துவமனைகள் விற்பனையாளர்களைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. 2025 ஜனவரியில் வந்த அமெரிக்க வரைவு வழிகாட்டி, பல்வேறு நிறமுடைய குறைந்தது 150 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது. நல்ல தொடக்கம்.

அதற்காக உங்கள் கருவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எண் படிப்படியாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். தாத்தாவுக்கு மூச்சு வாங்கினால், கருவி 95 காட்டினாலும் மருத்துவரை நாடுங்கள். அறிவியல் கூடத்தில் நீங்கள் ஒரு சோதனையைத் திட்டமிடும்போதும் முதலில் கேளுங்கள்: யாரைச் சோதிக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?