முதல் பேனையைப் பனையில் கடையவேண்டாம்

போன வருசம் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதைப்பற்றி எழுதாமல் 'கைத்தொழில் பழகுவோம் வாருங்கள்' என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

கம்பஸ் நண்பர்கள் நாலு பேர், ஒரு வீட்டின் பின்பத்தியில் மரப்பேனை கடையப் பழக்குகிறோம். எல்லாரும் கலைப்பீடம். ஒரு சின்ன கடைசல் மெசின், மூன்று உளி, ஒரு ட்ரில். தெரிந்த அண்ணை ஒருவரிடம் நாங்கள் பழகியதைத்தான் அடுத்தவைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

முதல் வகுப்புக்கு என்ன மரம் எடுப்பது என்று கதைக்கும்போது, ஒருத்தரும் யோசிக்கவே இல்லை. பனைதான். எங்கட மண், எங்கட மரம், அதில ஒரு பேனை. பழைய வீட்டுக் கூரையில் கழட்டின பனஞ்சிலாகைத் துண்டுகளும் கையில் இருந்தன. கேட்கவே வடிவாக இருந்தது.

வந்தவர்களில் ஏ.எல். படிக்கிற தங்கச்சி ஒருத்தி. கவனமாகத்தான் செய்தாள். துண்டில் 7 மில்லிமீற்றர் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, மெசினில் பூட்டிக் கடைந்தாள். பேனை அளவுக்கு மெலிந்து வருகிற நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பாதி மரம் பிய்ந்து பறந்து, உள்ளே பித்தளை தெரிந்தது. முகக்கவசம் போட்டிருந்தபடியால் காயமில்லை. 'எனக்குக் கை சரியில்லை அண்ணா' என்றாள். நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். அடுத்த கிழமை அவள் வரவில்லை.

அவளுடைய கையில் ஒரு பிழையும் இல்லை. பனை மற்ற மரங்கள் மாதிரி இல்லை. அதில் ஆண்டு வளையம் கிடையாது. மெதுவான சதைக்குள் கறுப்பு நார்கள் கம்பி மாதிரி நிற்கும். உளி கொஞ்சம் மொட்டையாக இருந்தாலும் நாரை வெட்டாது, இழுத்துப் பிடுங்கும். பனையைக் கடைவதென்றால் தண்ணி மாதிரியான சுப்பர் குளூவை இடைக்கிடை ஊறவிட்டு, உளியைத் திரும்பத் திரும்பத் தீட்டி, மெல்லிசாகச் சீவவேண்டும். இதெல்லாம் அந்த அண்ணை எங்களுக்குச் சொன்னதுதான். 'எங்கட மரம்' என்ற பெருமையில் மறந்துபோனோம்.

இப்ப முதல் துண்டு மஹோகனி, இல்லாட்டி தேக்கு. தளபாடக் கடைகளில் கழிக்கிற துண்டுகள் போதும். பனை நாலாவது பேனைக்குத்தான். ஒரு மரத்தில் அன்பிருந்தால் அதன் குணத்தையும் தெரிந்திருக்கவேணும். புதுசாகப் பழகவாற பிள்ளையின் தலையில் எங்கட உணர்ச்சியைச் சுமத்துவது பழக்குதல் இல்லை.

இரண்டாவது, உளியைப் பறிக்கக்கூடாது. பழகுகிறவர் தடுமாறினால், 'இஞ்ச தா, நான் காட்டுறன்' என்று வாங்கி நாங்களே முடித்துக்கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இருந்தது. பேனை வடிவாக வரும். ஆனால் அது அவருடைய பேனை இல்லை. உளியின் சரிவு முதலில் மரத்தில் தொடவேணும், பிறகுதான் வாய் வெட்டவேணும் என்பதை எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது. சுருள் சுருளாய்ச் சீவல் கழன்று வரும்போது கைக்கு விளங்கும். அந்த இடத்தை அவர் தானே கண்டுபிடிக்கட்டும். அதற்காக ரெண்டு துண்டு பழுதாப்போனால் போகட்டும்.

கையைப் பிடிக்கவேண்டிய இடம் ஒன்றுதான்: பாதுகாப்பு. தலைமயிரைக் கட்டவேணும், சோல், காப்பு கழட்டவேணும், முகக்கவசம் போடவேணும். சுவிட்சைப் போடமுதல் மரத்தைக் கையால் ஒருக்கால் சுற்றி, எங்கேயும் முட்டவில்லை என்று பார்க்கவேணும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மூன்றாவது, வீட்டில் நடக்கிற கதை. 'படிக்கிற பிள்ளைக்கு ஏன் தச்சுவேலை?' என்று ஒரு அம்மா எங்களிடம் நேராகவே கேட்டார். அந்தக் கேள்விக்குள் சோதனைப் பயமும் இருக்கு, சாதியும் இருக்கு. எங்கட ஊரில் ஒரு தொழிலின் பேர் ஒரு ஆளின் இடத்தையும் சொல்லிவிடுகிறது என்பதை மறைத்துப் பிரயோசனமில்லை. நவராத்திரி முடிவில் புத்தகத்தையும் பேனையையும் உளியையும் சுத்தியலையும் கும்பிடத் தெரிந்த நாங்கள், அடுத்த நாள் பேனையை மேசையிலும் உளியைப் பத்தியிலும் வைக்கிறோம். நாங்கள் பழக்குவது பொழுதுபோக்காகத்தான். இதையே சீவியமாகச் செய்கிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கழட்டிவைக்கிற வசதி இல்லை. அதனால் 'நாங்கள் சாதியை உடைக்கிறம்' என்று மார்தட்ட வரவில்லை. உளி பிடித்த பிள்ளை, அடுத்தமுறை ஒரு தச்சரிடம் விலை பேசும்போது கொஞ்சம் யோசிக்கும். அவ்வளவுதான் எங்கட நம்பிக்கை.

சரி, ஏன் பழகவேணும்? கடையில் சின்னக் காசுக்குப் பேனை கிடைக்குதே? நாங்கள் படிக்கிற படிப்பில் பிழை என்றால் புள்ளி குறையும், கதை முடிந்தது. பட்டறையில் பிழை என்றால், எங்கே பிழைத்தது என்று துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மரமா, உளியா, கையா, பழக்கினவரா?

அந்தத் தங்கச்சிக்கு, 'பிழை உன்னில இல்லை, நாங்கள் தந்த மரத்தில' என்று பிந்தித்தான் சொன்னோம். சோதனை முடிய வாறன் என்று பதில் போட்டிருக்கிறாள். அவளுடைய உடைந்த துண்டு இப்பவும் பட்டறைத் தட்டில் இருக்கு. புதுசாக வாறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறோம். உடைத்தது யார் என்று கேட்டால், நாங்கள் என்றுதான் சொல்கிறோம்.