ஒற்றை ஏட்டுச் சினிமா

வோங் கார்-வாய் எடுத்த 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தின் எந்தப் பதிப்பைப் பார்ப்பது நல்லது என்று ஏதாவது ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு நக்கல் வரும்: "படத்தப் பாருய்யா, பிக்சல எண்ணாத." சொல்கிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் நாலு நாள் சண்டை போடுகிறவர்கள். ஆனால் சினிமா என்று வந்ததும், கதை புரிந்தால் போதும், எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் பால் பால்தான் என்கிறார்கள்.

இந்த எண்ணம் தப்பு. அதைவிட முக்கியம், இந்த எண்ணத்தின் நிழலில்தான் நம் படங்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஹாங்காங் படத்தையே எடுத்துக்கொள்வோம். 2000ல் வந்தது. 98 நிமிடம். 1962ன் ஹாங்காங், ஷாங்காயிலிருந்து வந்து ஒண்டுக்குடித்தனம் இருக்கும் குடும்பங்கள், பக்கத்துப் பக்கத்து அறையில் ஓர் ஆணும் பெண்ணும். இவருடைய மனைவிக்கும் அவளுடைய கணவனுக்கும் தொடர்பு என்று இருவருக்கும் தெரிகிறது. அதன் பிறகு இருவரும் பேசுவதைவிடப் பேசாமல் விடுவதுதான் அதிகம். பேசாததை எல்லாம் சுவரின் நிறமும், அவள் மாற்றி மாற்றி உடுத்தும் சியோங்சாமும், மாடிப்படி விளக்கும் பேசுகின்றன. நம் அகப்பாட்டு மரபில் தலைவி வாய்விட்டுச் சொல்லாததை மழையும் பூவும் சொல்வதைப் போலத்தான். அங்கே கருப்பொருளை மாற்றினால் பாட்டு மாறும். இங்கே நிறத்தை மாற்றினால் படம் மாறும்.

நிறம் மாறியது. கிரைடீரியன் நிறுவனம் 2002ல் டிவிடியும் 2012ல் ப்ளூரேயும் வெளியிட்டது. 2021ல் இயக்குநரே மேற்பார்வை செய்த 4கே மீட்பு, அவருடைய மற்ற படங்களோடு சேர்ந்து ஒரு பெட்டியாக வந்தது. பழைய வட்டுகளில் சிவப்பும் பழுப்பும் தூக்கலாக இருந்த காட்சிகளில் புதியதில் பச்சை ஏறியிருந்தது. மற்ற படங்களிலும் கை வைத்திருந்தார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டமே அகலத்திரை அளவுக்கு மாறியது. 'ஹேப்பி டுகெதர்' நெகட்டிவின் ஒரு பகுதி 2019ல் தீயில் போய்விட்டதால் சில தனிமொழிகள் சுருங்கின. இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் வடிவமா, தான் முதலில் மனதில் கண்ட வடிவமா என்று யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததாக எழுதினார். ஒரே ஆற்றில் இரண்டு முறை கால் வைக்க முடியாது என்ற பழைய வாதத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

அவர் செய்தது சரியா? என் வரைக்கும், படைப்பாளி தன் படத்தைத் திருத்தலாம். ஆனால் திருத்தியதை மீட்பு என்ற பெயரில் விற்று, முன்னதைக் கடையிலிருந்து எடுத்துவிடக் கூடாது. அந்தச் சண்டை இருக்கட்டும். சண்டை போட முடிந்ததே, எப்படி? 2002ன் வட்டும் 2012ன் வட்டும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்தன. காட்சிக்குக் காட்சி பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இயக்குநரையே கேள்வி கேட்டார்கள். நீங்கள் நக்கலடிக்கிற அந்தப் பிக்சல் எண்ணிகள்தான் அந்தப் படத்துக்குச் சாட்சி.

இந்த வேலைக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: பாடபேதம் பார்ப்பது. உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியையும் 1894ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்தது இதைத்தான். ஊர் ஊராக ஏடு தேடினார். ஓர் ஏட்டில் இருப்பதை இன்னோர் ஏட்டோடு வைத்துப் பார்த்தார். செல்லரித்த இடத்தை இட்டு நிரப்பாமல், எங்கே என்ன வேறுபாடு என்று குறித்தார். அவரை யாரும் எழுத்து எண்ணி என்று நக்கலடிக்கவில்லை. தமிழ்த் தாத்தா என்று சிலை வைத்தோம். ஓலைக்கு ஒரு நியாயம், பிலிமுக்கு ஒரு நியாயமா?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா. கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. இருவரும் சேர்ந்த '16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வந்தது. எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரிப்பு, பி.எஸ்.நிவாஸ் ஒளிப்பதிவு. ஸ்டுடியோ அரங்கைவிட்டுத் தமிழ் சினிமாவை வெயிலுக்கு இழுத்து வந்த படம் என்று எல்லோரும் எழுதுகிறோம். சரி, அந்த வெயில் என்ன நிறம்?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஈஸ்ட்மென் பிலிமுக்குக் காசு போதாமல் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிமில் எடுத்த படம் அது. ஆர்வோவின் வண்ணம் தனி ரகம். போதாததற்கு, எங்கள் பக்கத்து வயக்காடு என்று நாங்கள் உரிமை கொண்டாடுகிற அந்தப் பச்சை, பெரும்பாலும் கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கத்துப் பச்சை. ஆகவே 1977ல் திரையில் விழுந்தது ஒரு குறிப்பிட்ட நிலத்தின், ஒரு குறிப்பிட்ட பிலிமின் நிறம். அது இன்று எங்கே இருக்கிறது?

எங்கள் தலைமுறைக்கு அந்தப் படம் வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன். திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த டெக், அப்புறம் உள்ளூர் கேபிள், அப்புறம் விசிடி, அப்புறம் யூடியூப். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது பெட்டிக்கடையில்கூடப் பழைய படங்கள் தொங்கின. அது பெரிய காரியம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து வட்டுகளில் நான் வாங்கிய எதிலும், எந்த நிறுவனத்துடையதானாலும், ஒரு வரி கிடையாது: இது நெகட்டிவிலிருந்து எடுத்ததா, தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்ததா, யார் நிறம் திருத்தினார்கள், எதை வெட்டினார்கள். பதிப்புரை இல்லாத புத்தகம் மாதிரி.

இதனால் என்ன நஷ்டம்? மூன்றை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒன்று, வேகம். சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 25. பிலிமை அப்படியே 25ல் ஓட்டிப் பதிவு செய்தால், ஒரு பிரேம்கூட வெட்டாமலே 140 நிமிடப் படம் 134 நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். 98 நிமிட வோங் கார்-வாய் படம் 94 ஆகும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் ஒலியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். எஸ்.ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'செந்தூரப் பூவே' அரைக் கட்டை ஏறி ஒலித்தால் அது அவர் பாடிய பாட்டா? அந்தப் படத்தைப் பற்றிப் பலமுறை சொல்லப்பட்ட ஒரு கதை உண்டு. மெதுவோட்டத்துக்கான கேமராவுக்கு வசதி இல்லாததால் ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்களாம். காசில்லாத ஓர் இயக்குநர் உடம்பால் சம்பாதித்த அந்த மெதுவை, ஒரு தவறான இயந்திர அமைப்பு சத்தமில்லாமல் திருடிவிடும்.

இரண்டு, சட்டம். 4:3 சட்டத்தில் எடுத்த படத்தை இன்றைய 16:9 டிவிக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போகிறது. வெட்டாமல் இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. ஒல்லியான ஆளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்த மாதிரி.

மூன்று, நிறம். பழைய வண்ணப் பிரிண்ட்களில் மூன்று சாயங்களும் ஒன்றுபோல மங்குவதில்லை. பல பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்ப் படம் முழுக்கச் செந்நிறம் ஏறும். அந்தப் பிரிண்டை அப்படியே பதிவு செய்து தலைமுறைக்குக் காட்டிவிட்டு, "அந்தக் காலத்துப் படம்னா அப்படித்தான்" என்கிறோம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. அது நோயாளியின் நிறம்.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"இதெல்லாம் மேல்தட்டுப் பொழுதுபோக்கு." அப்படியா? போடிநாயக்கனூர் ஏல மையத்துக்குப் போய்ப் பாருங்கள். தட்டில் வைத்த ஏலக்காயைக் கையில் எடுத்ததும் வியாபாரி பச்சையின் அழுத்தத்தைப் பார்க்கிறார். 8 மில்லிமீட்டருக்கு மேலா கீழா என்று பார்க்கிறார். பச்சை வெளிறினால் விலை இறங்கும். பச்சைக்கும் பச்சைக்கும் பேதம் தெரிந்த கண்கள் எங்கள் பள்ளத்தாக்கில் கூலி வேலையிலும் வியாபாரத்திலும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குக் காட்டப்பட்ட படத்தில்தான் பச்சை இல்லை. ஏழைக்கு மட்டமான பிரதி போதும் என்று முடிவு செய்ததுதான் மேல்தட்டுப் புத்தி.

"நமக்கு வசதி இல்லை." குமுளியைத் தாண்டினால் கேரளம். ஜி.அரவிந்தனின் 'கும்மாட்டி' 1979ன் படம். மூல நெகட்டிவ் இல்லாமலே, எஞ்சியிருந்த பிரிண்ட்களைக் கொண்டு ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இத்தாலியின் போலோன்யா கூடமும் மார்ட்டின் ஸ்கோர்செசியின் அமைப்பும் சேர்ந்து 2021ல் மீட்டன. இந்தியாவிலேயே நடக்கிறது. பழைய படங்களைத் துப்புரவு செய்யும் தொழில்நுட்பக் கூடங்கள் சென்னையிலேயே உள்ளன. 2012ல் 'கர்ணன்' டிஜிட்டலில் திரும்ப வந்தபோது ஜனம் தியேட்டருக்குப் போனது. ஆளும் உண்டு, கூட்டமும் உண்டு. '16 வயதினிலே'வுக்கும் 2013ல் டிஜிட்டல் வடிவம் வருகிறது என்று விழா எடுத்தார்கள். சொன்னபடி அப்போது வரவில்லை. கேட்க நாதியும் இல்லை, ஏனென்றால் என்ன குறைகிறது என்றே நாம் சொல்லவில்லை.

"ஏஐ பார்த்துக்கொள்ளும்." மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்கிறேன். விசிடியின் ஒரு பிரேமில் 352-க்கு 288, அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கேயில் சுமார் 83 லட்சம். ஒன்றை மற்றதாக ஊதினால் 82 புள்ளிகளில் 81 ஊகம். வேறு யார் யார் முகங்களிலோ பயின்ற ஓர் எந்திரம், ஸ்ரீதேவியின் தோல் இப்படி இருக்கலாம் என்று நினைத்துப் பூசுகிற மெழுகு. செல்லரித்த ஏட்டில் விடுபட்ட அடிகளைத் தானே பாடி நிரப்பிவிட்டு, மூலம் இதுதான் என்று அச்சிடுகிறவரை என்ன சொல்வோம்? யூடியூபில் அதற்குப் பெயர் 4கே ரீமாஸ்டர். எங்கள் வேலையில் ஒரு வரி நிரல் மாறினாலும் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று பதிவு இருந்தாக வேண்டும். ஒரு கலைப்படைப்புக்கு அந்த மரியாதைகூட இல்லை.

நிலைமை சின்னதல்ல. முதல் தமிழ்ப் பேசும்படம் என்கிற 1931ன் 'காளிதாஸ்' சுருளே இன்று இல்லை. அது பழங்கதை என்றால், 'வீடு' 1988. அதன் நெகட்டிவும் 'சந்தியா ராகம்' நெகட்டிவும் இல்லாமல் போய்விட்டதை பாலுமகேந்திரா மேடைதோறும் சொல்லிச் சொல்லி, ஒரு ஆவணக் காப்பகம் வையுங்கள் என்று கேட்டே 2014ல் போய்ச் சேர்ந்தார். புத்தகத்துக்கு 1954ன் சட்டம் இருக்கிறது: பதிப்பித்தால் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும். சினிமாவுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஊரே சினிமாவால் ஆளப்பட்ட மாநிலத்தில்!

டிஜிட்டலில் எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018ல் வந்தது. எங்கள் மலையை, ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்குகிறவர்களை, தேனி ஈஸ்வரின் கேமரா அத்தனை பொறுமையாகப் பார்த்தது. அதன் மூடுபனியைக் குறைந்த பிட்ரேட்டில் இணையத்தில் ஓட்டினால் பனி பட்டை பட்டையாக உடையும். பிலிமாவது பெட்டியில் கிடந்து மெல்லச் செத்தது. சந்தாத் தளத்தில் ஒப்பந்தம் முடிந்தால் படம் ஒரே ராத்திரியில் காணாமல் போகும்.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. வட்டோ, இணையமோ, மறுவெளியீடோ, எதுவானாலும் முதல் அட்டையில் மூலம் எது, சட்டம் எது, வேகம் எது, நிறம் திருத்தியவர் யார் என்று எழுதுங்கள். எழுத நாலு வரி போதும், செலவு கிடையாது. திருத்திய வடிவத்தை வெளியிட்டால் முந்தைய வடிவத்தையும் பார்க்கக் கிடைக்கச் செய்யுங்கள். ஒன்றிய அரசு 2,200 படங்களை மீட்க 363 கோடி ரூபாய் என்று 2022ல் அறிவித்தது. மீட்டவை விழா அரங்குகளோடு நிற்காமல் கம்பத்திலும் சின்னமனூரிலும் ஒருவர் காசு கொடுத்து வாங்கக்கூடிய பிரதிகளாக வரட்டும்.

நமக்கும் வேலை உண்டு. அடுத்த முறை ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றி நாலாயிரம் சொல்லில் கட்டுரை எழுதும்போது, எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். வீட்டுப் பரணில் பழைய வட்டும் கேசட்டும் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அது மட்டமான பதிவாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒருவன் ஒப்பிட உட்காரும்போது அதில்தான் வெட்டப்படாத ஒரு காட்சி இருக்கும். செல்லரித்த ஏடுகளிலிருந்துதான் நமக்குப் புறநானூறு கிடைத்தது.