வீங்கிய காலை அமுக்கித் தேய்க்காதீங்க!

சுளுக்கு என்றால் தைலம் போட்டு வழித்துவிடுவது குஜிலியம்பாறை பக்கம் பழகிப்போன வைத்தியம். அது சுளுக்கோடு நிற்கட்டும். யானைக்கால் வீக்கத்துக்கும், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு வரும் கை வீக்கத்துக்கும் அதே முரட்டுப் பிடியா?

இது நிணநீர் தேங்கி வரும் வீக்கம். அதன் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. பூப்போல தோலை மட்டும் தள்ளினால் போதும். டென்மார்க்கின் எமில் வோடர் 1930-ம் ஆண்டுகளில் வகுத்த முறை இது. வலித்தால் தப்பு!

பிறகு பேண்டேஜ் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வடிந்த நீர் திரும்ப இறங்கிவிடும். 'ஒரே வாரத்தில் பூரண குணம்' என்பது சுத்த டூப்! வீக்கம் குறையும், அவ்வளவுதான்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைச்சதை வலிக்கிறதா? ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் உண்டு. தைலக்காரரிடம் போகாமல் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறுங்க.