கொங்கடித் தறிகளைக் காப்போம்!

தெலுங்கானாவில் ஆடு மேய்ப்பவர் தோளில் கிடக்கும் கறுப்புக் கம்பளிக்குக் கொங்கடி என்று பெயர். மழைக்கு அது குடை, பனிக்குப் போர்வை, கிடை காக்கும் இரவில் பாய். தக்காணத்துக் கரட்டு நிலங்களில் மேயும் தக்காணிச் செம்மறியின் ரோமத்தில் நெய்வது. சாயம் கிடையாது, ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம். வருஷத்துக்கு இரண்டு தடவை ரோமம் கத்தரிக்கிறார்கள். பெண்கள் அதைச் சுத்தம் செய்து நூற்கிறார்கள். பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, ஆண்கள் குழித்தறியில் நெய்கிறார்கள். குடும்பமே உழைத்தால்தான் ஒரு கம்பளி.

இந்த உழைப்பாளிகளுக்கு ஒரு வீர சரித்திரமும் உண்டு. நிஜாம் ஆட்சியில் தேஷ்முக் நிலப்பிரபுக்கள் வெட்டி வாங்கிய நாட்களில், ஆட்டுக்காரர்கள் தங்கள் ஆடுகளை அவர்களுக்கு இனாமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1946 ஜூலை 4ந் தேதி கடவெண்டி கிராமத்தில் தேஷ்முக்கின் அடியாட்கள் சுட்டுக் கொன்ற தோழர் தொட்டி கொமரய்யா, ஆடு மேய்த்துக் கம்பளி நெய்யும் குருமா சமூகத்தில் பிறந்தவர். அந்தத் தியாகத்திலிருந்துதான் தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் மூண்டெழுந்தது.

வெட்டி ஒழிந்தது. ஆனால் இன்று தறிக்குழிகள் தூர்ந்து வருகின்றன. காலம் மாறிவிட்டது என்று சொல்லித் தட்டிக் கழிப்பது சுலபம். காலம் தானாக மாறவில்லை, மாற்றினார்கள்.

முதலாவது, ஆட்டை மாற்றினார்கள். ஆடு என்றால் கறி மட்டும்தான் என்ற கணக்கில், கம்பளிக்கு ஆகும் ரோமம் இல்லாத நெல்லூர்க் கிடாக்களைத் தக்காணி மந்தைகளில் விட்டார்கள். 2017 ஜூனில் தெலுங்கானா சர்க்கார் 75 சதவீத மானியத்தில் ஆளுக்கு 20 பெட்டையும் ஒரு கிடாவும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஆட்டுக்காரர்களுக்கு உதவி வேண்டியதுதான். ஆனால் வெளி மாநிலங்களிலிருந்து ஆடு வாங்கி நிரப்பிய அத்திட்டத்தின் நோக்கமும் கறிதான், தறி அல்ல.

இரண்டாவது, மேய்ச்சல் புறம்போக்குகள் வேலிக்குள் போய்விட்டன. மந்தை சுருங்கினால் ரோமம் மட்டுமா குறையும்? கிடை போடும் வயல்களுக்கு எருவும் குறையும்.

மூன்றாவது, சந்தை. பானிப்பட்டில் பழைய துணிகளைக் கிழித்து, நூலாக்கி நெய்யும் கம்பளி மலிவாக வந்து குவிகிறது. அங்கே தூசியை விழுங்கிச் சொற்பக் கூலிக்கு உழைக்கும் தொழிலாளி நமக்கு எதிரியல்ல. அவனும் நம் தோழனே. அந்த மலிவு அவன் கூலியிலிருந்து பிடுங்கிய மலிவு.

விளைவு என்ன? கத்தரிக்கும் கூலிக்கே கட்டாமல், ரோமத்தை வீணாகக் கொட்டும் நிலை. போதாக்குறைக்கு, 2022 டிசம்பர் 29ல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம் ரோமத்தின் மீதிருந்த 2.5 சதவீத வரியையும், செம்மறிக் கறியின் மீதிருந்த 30 சதவீத வரியையும் நீக்கியது. அந்த மெல்லிய ரோமம் கொங்கடிக்கு ஆகாது. அதில் நேரடிப் போட்டியில்லை. ஆனால் கறி? ரோமத்தை விடு, கறியை நம்பு என்று ஆட்டுக்காரனைத் திருப்பிவிட்டு, அந்தக் கறிக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள்!

நாம் கேட்பது தர்மமல்ல, நியாயம். தக்காணி ரோமத்தைக் கூட்டுறவுகள் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்க வேண்டும். தக்காணிக் கிடாக்களையே மந்தைக்குக் கொடுக்க வேண்டும். மேய்ச்சல் நிலம் திரும்ப வேண்டும். வனக் காவலர்களுக்கும் போலீஸ் முகாம்களுக்கும் சர்க்கார் கொங்கடி வாங்க வேண்டும். நெய்பவர் கணக்கில் மறைந்துபோகும் நூற்கும் பெண்ணின் உழைப்புக்குத் தனிக் கூலி வேண்டும்.

ஆலைத் தோழர்களே! பஞ்சு விலையும் துணி விலையும் யார் கையில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். விவசாயத் தொழிலாளர்களே! புறம்போக்கு பறிபோனால் முதலில் யார் வயிறு காயும் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பளி நெசவாளியின் கோரிக்கையை உங்கள் கோரிக்கையோடு சேர்த்து முழங்குங்கள்!