படைவீரர் கேட்பது பிச்சையா?



நம் சபைகளில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் இருக்கிறார்கள். சுதந்திர தினத்தன்று அவர்களை முன்னே அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால் அவர்களில் ஒருவர் ஊன ஓய்வூதியத்துக்காகக் கோப்புக் கட்டைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக அலைகிறார் என்று கேள்விப்பட்டால், "பென்ஷன்தான் வருகிறதே, இன்னும் என்ன ஆசை?" என்று நம்மில் சிலரே முணுமுணுக்கிறோம். அந்த முணுமுணுப்பு நியாயமானதுதானா என்று இந்த வாரம் சிந்திப்போம்.

படையிலிருந்து விடுபடும் முன்பு, உடற்குறை உள்ள வீரரை மருத்துவக் குழு ஒன்று பரிசோதிக்கிறது. குறை எத்தனை விழுக்காடு என்பது முதற்கேள்வி. பொதுவாக அது 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அக்குறை படைப்பணியால் உண்டானதா அல்லது படைப்பணியால் அதிகரித்ததா என்பது இரண்டாவது கேள்வி. குண்டடிபட்ட காலுக்கு இதற்கு விடை சொல்வது எளிது. வலிப்புக்கும், இரத்த அழுத்தத்துக்கும், மனநோய்க்கும் அப்படி எளிதன்று. போர்முனையில் அல்லாமல் அமைதிப் பகுதியில் பணிபுரிந்தபோது நோய் வெளிப்பட்டது, ஆகவே பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் பல. பனிமலையிலும் பாலைவனத்திலும் தூக்கமின்றிக் கழித்த ஆண்டுகள், நோய் தலைகாட்டிய ஊரின் பெயரால் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

ஒரு சிப்பாயின் வழக்கை நினைத்துப் பாருங்கள். அவர் 1985-இல் நல்ல உடல்நலத்தோடு தரைப்படையில் சேர்ந்தார். ஏறக்குறைய 9 ஆண்டுகள் பணியாற்றிய பின்பு, வலிப்பு நோயின் காரணமாக 1994-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்லி ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. இறுதியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயம் வழங்கியது. பணியில் சேரும்போது நோய் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் அவர் நலமாகவே வந்தார் என்று கொள்ளவேண்டும். தொடர்பில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அரசினுடையது. ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரரையே சேரவேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். சேவை செய்தது 9 ஆண்டு. நியாயத்துக்குக் காத்திருந்தது 19 ஆண்டு. தாம் எந்த அரசுக்காகத் துப்பாக்கி ஏந்தினாரோ, அந்த அரசையே எதிர்த்து அவர் வழக்காட வேண்டியிருந்தது. இத்தகைய மேல்முறையீடுகளைக் குறைக்கவேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2015-இல் அமைத்த நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது.

பொய்யாக உரிமை கோருகிறவர்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். பொதுப் பணத்தைக் காப்பது அரசின் கடமை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பொய்யரைப் பிடிக்க விரித்த வலையில் முதலில் சிக்குகிறவர் யார்? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருத்துவ அறிக்கையைப் படிக்கத் தெரியாத, வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத எளிய சிப்பாய்தான். தந்திரக்காரனுக்கு வழி தெரியும். நேர்மையுள்ளவனுக்கோ நடையே மிச்சம். ஏமாற்றியவரைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது ஒன்று. எல்லாரையும் ஏமாற்றுக்காரராக எண்ணிக்கொண்டு தொடங்குவது வேறொன்று.

2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்படும் தொகைக்கு ஓய்வூதியம் என்ற பெயரை மாற்றி, நிவாரணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சூட்டின. முன்னாள் வீரர் பலர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சொல்லில் என்ன இருக்கிறது என்று கடந்துபோகலாகாது. வெள்ளம் வந்தால் கொடுப்பது நிவாரணம். உழைத்து உடம்பைத் தேய்த்தவருக்குக் கொடுப்பது கடன் தீர்ப்பது. கடனைத் திருப்பிக் கேட்கிறவரைப் பிச்சைக்காரராக நடத்துவது அநியாயம்.

பிரியமானவர்களே, சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நம் கையில் இல்லை. எனினும் நம்மால் செய்யக்கூடியது உண்டு. ஆங்கிலம் அறிந்த வாலிபர்கள் ஒரு மாலைநேரம் அவர்களோடு அமர்ந்து, மருத்துவக் குழுவின் அறிக்கையை வரிவரியாகப் படித்துச் சொல்லலாம். விடுவிப்புப் புத்தகம், மருத்துவமனைச் சீட்டுகள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி அடுக்கிக் கொடுக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணையாகச் செல்லலாம். மறுப்புக் கடிதம் வந்தாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்றும், ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு என்றும் எடுத்துச் சொல்லலாம்.

நியாயாதிபதியிடம் ஓயாமல் சென்ற விதவையின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவளுடைய விடாமுயற்சியைப் பாராட்டிப் பிரசங்கிப்பதும் வழக்கம். ஆனால் அத்தனை முறையும் அவள் தனியாகவே நடந்தாள் என்பதை நாம் யோசிப்பதில்லை. நம் ஊரில் அப்படி ஒருவர் நடந்துகொண்டிருந்தால், அடுத்த முறை அவர் தனியாகப் போகவேண்டாம். யாராவது ஒருவர் அவரோடு கூடப் போவோமாக.