மண் இளகும் வேளை

வீடு என்றால் சுவரையும் கூரையையும் எண்ணுகிறோம். அவற்றைச் சுமக்கும் மண்ணை எண்ணுவோர் சிலரே. மண்ணின் முக்கியத்துவத்தை உலகிற்கு உணர்த்தியது ஜப்பானின் நீகாதா நகரம்.

1964 ஜூன் 16 அன்று அந்நகரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. கவாகிஷி-சோ பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்புகள் சில, நொறுங்காமல் அப்படியே சாய்ந்தன. ஒன்று ஏறக்குறையப் படுத்தேவிட்டது. கட்டடம் உறுதியாகவே இருந்தது, தரைதான் கைவிட்டது.

காரணம் யாது? நீர் நிறைந்த தளர்ந்த மணலில், மணிகள் ஒன்றையொன்று பற்றி நின்று மேலுள்ள பாரத்தைத் தாங்குகின்றன. பூமி அதிரும்போது அவை நெருங்க முயல்கின்றன. இடையிலுள்ள நீர் விரைந்து வெளியேற வழியின்றி, அதன் அழுத்தம் ஏறுகிறது. மணிகளின் பிடி தளர, மணல் கூழாகிறது. இதனை மண் திரவமாதல் என்பர். அப்போது சிறு சரிவு இருந்தாலும் நிலம் ஆற்றை நோக்கி நகரும். பூகம்பத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த வான்படங்களை ஒப்பிட்டதில், நீகாதாவின் ஆற்றங்கரை பல மீட்டர் நகர்ந்திருந்தது தெரிந்தது.

பூகம்பம் வரும் நாளை எவராலும் கூற இயலாது. ஆனால், வந்தால் எந்த மண் இளகும், எவ்வளவு நகரும் என்பதைக் கணிக்கலாம். 63.5 கிலோ எடையை 76 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச்செய்து, குழாய் மண்ணில் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டுமென எண்ணுவர். அடிகள் குறைந்தால் மண் தளர்ந்தது என்று பொருள். மண் இளகுமா என அறிய, 1971இல் சீட், இத்ரிஸ் என்னும் அறிஞர்கள் எளிய கணக்குமுறை ஒன்றை வகுத்தனர். பின்னர் பார்ட்லெட், யூட் ஆகியோர், பூகம்பத்தின் வலிமை, தொலைவு, நிலச்சரிவளவு, தளர்ந்த மணலின் கனம் முதலியவற்றைக் கொண்டு, நகரும் தூரத்தை மதிப்பிடச் சூத்திரம் அமைத்தனர்.

இக்கணிப்பு துல்லியமானதன்று. உண்மையான நகர்வு கணித்ததில் பாதியாகவோ இருமடங்காகவோ இருக்கலாம். அப்படியானால் பயன் என்ன? இரண்டு மீட்டர் நகரும் எனக் கணித்த இடத்தில் ஒரு மீட்டரே நகர்ந்தாலும் வீடு பிளந்துபோகும். அங்கே கட்டலாகாது, அல்லது மண்ணை இறுக்கிய பின்பே கட்டவேண்டும் என்று முடிவுசெய்ய இம்மதிப்பீடே போதும்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2010, 2011ஆம் ஆண்டுகளின் பூகம்பங்களில் மண் மீண்டும் மீண்டும் இளகியது. ஆயிரக்கணக்கான வீடுகளை அரசே விலைக்கு வாங்கி அப்புறப்படுத்த நேர்ந்தது. பல குடும்பங்கள் வாழ்ந்த தெருக்கள் வெறும் புல்வெளியாயின.

மண்ணின் இயல்பை வீடு கட்டுமுன் அறிவது சிறு செலவு; கட்டியபின் அறிவது பேரிழப்பு. மனை வாங்குவோர் விலையோடு மண்ணையும் விசாரிப்பார்களாக.