பூட்டிய அலுமாரிக்கு ஒரு திறப்பு

பழைய இலக்கியம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பரீட்சை வினாத்தாள்தான். பொருள் எழுதுக, சந்தர்ப்பம் தருக, அணியைக் குறிப்பிடுக. இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று அளந்து படித்த நூலைப் பிறகு ஆசையோடு கையில் எடுப்பது எப்படி? உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் எனக்கு அந்த ஆசையைத் தந்தது மின்னூல். மின்னூலால் புதிய கதைகள் கிடைப்பது உண்மைதான். ஆனால் எமக்கே சொந்தமான பழைய நூல்களை அது எம்மிடம் திருப்பித் தருகிறதே, அதுதான் பெரிய உபகாரம் என்பேன்.

சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். உமறுப் புலவரின் அந்தக் காப்பியம் 5,027 விருத்தப் பாக்களைக் கொண்டது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள். வகுப்பறையில் நாம் சந்திப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய செய்யுள்களைத்தான். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். சீறாப்புராணமும் அங்கே இருக்கிறது. மானுக்குப் பிணை நின்ற படலத்தை அங்கே முழுமையாக வாசித்தேன். வேடனின் வலையில் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். சொன்ன சொல் தவறாமல் மான் திரும்பி வருகிறது. துண்டு துண்டாகப் படித்தபோது உவமையும் உருவகமுமாகத் தெரிந்த பாடல்கள், தொடர்ந்து வாசிக்கையில் ஒரு தாயின் தவிப்பாக மாறின. மான் திரும்பி வருமா என்ற பதைபதைப்பைப் புள்ளித்திட்டத்தில் உணர முடியாது.

நாட்டுப் படலத்தை வாசித்தபோது வேறொரு மகிழ்ச்சி. அரபு நாட்டை வர்ணிக்கப் புகுந்த புலவர் அங்கே மழையைப் பொழியவைக்கிறார், ஆற்றைப் பெருக விடுகிறார், வயலை விளையவைக்கிறார். பாலைவனத்தை அவர் அறியாதவர் அல்லர். தமிழ்க் காப்பிய மரபுக்குள் தன் அன்பை வைத்துப் பாடியிருக்கிறார். இதை யாரும் எனக்குக் குறிப்பாக எழுதித் தரவில்லை. நானே வாசித்து நானே கண்டுகொண்டதால்தான் அது இத்தனை இனிக்கிறது.

மின்னூல் இந்த வாசிப்பை எளிதாக்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம். ஒரு சொல் நூலில் எங்கெங்கே வருகிறது என்று நொடியில் தேடலாம். அருஞ்சொல் எதிர்ப்பட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியையே அதே திரையில் புரட்டலாம். அத்தனை தொகுதிகளையும் வாங்கி வைக்க எந்த வீட்டில் வசதி இருக்கிறது? இரவில் விளக்கை அணைத்த பின்னும், பக்கத்தில் படுத்திருக்கும் தங்கையை எழுப்பாமல் நான்கு பாடல் வாசித்துவிட்டுத் தூங்கலாம்.

எம் நாட்டுக்கே உரிய செல்வம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் அது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி ஆறே ஆண்டுகளில், எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டு எம் நாட்டு முஸ்லிம் ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார். முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காகக் குரல் கொடுத்தவரும் அவரே. இன்று நாம் ஒரு மகளிர் கல்லூரியில் அமர்ந்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் அவரது பெயரை ஒரு புள்ளி வினாவுக்கு விடையாக அறிந்த எம்மில் எத்தனை பேர் அவரது எழுத்தை ஒரு பக்கமாவது வாசித்திருக்கிறோம்?

வாசிக்கக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. நூல் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். பல பாடசாலைகளில் நல்ல நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருக்கும், திறப்பு யாரிடம் என்று தெரியாது. பொது வாசிகசாலை தூரத்தில் இருக்கும். வகுப்பும் டியூஷனும் முடிந்து வரும்போது மஃரிப் நேரமாகிவிடும், அதன் பின் பெண் பிள்ளை தனியே வெளியே போவதெப்படி? கடையில் வாங்கலாம் என்றால் விலை பயமுறுத்துகிறது. 2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. இத்தனை தடைகளையும் தாண்டி ஒரு நூல் எமது அறைக்குள் வருகிறது என்றால் அது மின்னூலாகத்தான் இருக்க முடியும்.

அங்கேதான் இன்னொரு தடை நிற்கிறது. கையில் புத்தகத்தோடு இருக்கும் மகளைப் பார்த்து மகிழும் உம்மா, கையில் போனோடு இருக்கும் மகளைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார். உம்மாமாரின் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அதே திரையில்தான் நேரத்தைத் தின்னும் காணொளிகளும் வருகின்றன. ஆனால் போனை வாங்கிப் பூட்டி வைப்பது அதற்குத் தீர்வாகாது. வாசிப்பதை வீட்டில் சொல்லுங்கள் சகோதரிகளே! டேட்டாவை நிறுத்திவிட்டு, இறக்கி வைத்த நூலைத் திறந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உம்மாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பை முதற் கட்டளையாகப் பெற்ற சமுதாயம் இது, வாசிக்கும் மகளை நம்பாமல் போகாது.

மின்னூல் என்ற பெயரில் வட்ஸ்அப்பில் சுற்றும் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் மறைந்து 70 ஆண்டுகளும் நீடிக்கும். இன்று வாழும் எழுத்தாளரின் நூலைக் களவாகப் பரப்புவது அவரது உழைப்பைப் பறிப்பதாகும். அத்தகைய நூலைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். உமறுப் புலவரையும் சித்திலெப்பையையும் வாசிக்க எவரது அனுமதியும் தேவையில்லை.

தாளின் மணமும் பக்கம் புரட்டும் சுகமும் திரையில் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாள் எரியும், நனையும், தொலையும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் யாரால் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடிந்திருக்கும்? 2004 கடற்கோளில் கிழக்குக் கரையோர வீடுகளே அள்ளுண்டு போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களை ஒளிவருடி இணையத்தில் சேர்த்து வருவதன் பெறுமதி இந்த இழப்புகளை நினைத்தால் விளங்கும். அதில் முஸ்லிம் ஆவணகம் என்ற தனிப் பிரிவும் உண்டு.

அது நிறைய எமது பங்களிப்பும் வேண்டும். எமது உம்மம்மாமார் ராகத்தோடு ஓதிய முனாஜாத்துகளும் மாலைகளும் கிஸ்ஸாக்களும் இன்னும் சில வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் ஏடுகளும் அவற்றிடையே இருக்கலாம். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். கறையான் எவருக்காகவும் காத்திருக்காது. வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் தேடிப் பார்த்து, கிடைக்கும் பழைய நூல்களின் பெயர்களை எழுதி வர வேண்டும். எமது தமிழ் மன்றம் அந்தப் பட்டியலைத் தொகுத்து, உரியவர்களின் சம்மதத்தோடு ஒளிவருட ஏற்பாடு செய்யலாம். அரபுத் தமிழ் தெரிந்த மூத்தவர்களை அழைத்து வாசிக்கச் செய்து, குரலையும் பதிவு செய்யலாம்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. எமது கைகளில் இருக்கும் அதே போன் போதும்.